எல்க் வேட்டையில் கூடுதல் தோட்டாக்கள்: எத்தனை, எங்கே, எப்படி எடுத்துச் செல்வது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் மான் வேட்டைக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் ரைபிளுக்கும் ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறார்கள். தோட்டாவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், பையில் போட்டுக்கொள்வேன்" என்று முடித்துவிடுகிறார்கள். பை என்றால் எந்தப் பை, முதுகுப் பையா சட்டைப் பையா, அதில் எத்தனை, திரும்பி வரும்போது எத்தனை மிஞ்சியது என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் இருக்காது.

அதில் வியப்பும் இல்லை. அங்கே வேட்டைக் குடும்பங்களில் பிள்ளைகள் அப்பாவின் பின்னால் நடந்தே இந்தப் பழக்கங்களைக் கற்றுக்கொள்கிறார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வேட்டை என்பது நமக்குத் தாத்தா காலத்துக் கதை. அமெரிக்காவில் உரிமம் பெற்று முறையாக வேட்டைக்குப் போகும் தமிழர், நடந்து கற்க வேண்டியதைப் படித்துத்தான் கற்க வேண்டியிருக்கிறது. போல்ட் வகை ரைபிளோடு (ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி) இலையுதிர் காலத்தில் மலை ஏறுகிறவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூடுதல் தோட்டாவில் எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு முகவரி வேண்டும். முகவரி இல்லாமல் அலையும் தோட்டாதான் பின்னால் தலைவலி தரும்.

படி 1: வாங்குவதற்கு முன் சட்டம்

எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இவர்களுக்குத் தடை செய்வது துப்பாக்கியை மட்டும் அன்று, தோட்டாவையும்தான். இதற்கு உள்ள விதிவிலக்குகளில் நமக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, நடப்பில் உள்ள வேட்டை உரிமம். அந்த உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் காலாவதியாகிவிடும். அப்போது அலமாரியில் மிஞ்சியிருக்கும் அரைப் பெட்டித் தோட்டாவும் குற்றப் பொருளாகிவிடலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலை குழப்பமாக இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். தோட்டா வாங்குவது அதற்குப் பிறகு.

அடுத்தது மாநில விதி. கொலராடோவில் எல்க் வேட்டைக்கான ரைபிள் குறைந்தது 6 மிமீ விட்டமுள்ள குண்டைச் (தோட்டாவின் முனையிலிருந்து பாய்ந்து செல்லும் உலோகப் பகுதி) சுட வேண்டும். குண்டின் எடை குறைந்தது 85 கிரெயின் (சுமார் 5.5 கிராம்). அது உடலில் பட்டதும் விரியும் வகையாக இருக்க வேண்டும். இதைக் கூடுதல் தோட்டாவோடு சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. பயிற்சிக்கு மலிவாகக் கிடைப்பது முழுவதும் உலோகக் கவசம் போட்ட, விரியாத குண்டு. பயிற்சி முடிந்து மிஞ்சியதில் நாலைந்து அதே பையில் தங்கிவிடும். மலையில் அவசரத்தில் கைக்கு வருவது அதுவாக இருந்தால் விதிமீறல் ஒரு பக்கம். விலங்கு காயத்தோடு ஓடிப்போய் வேதனைப்படுவது இன்னொரு பக்கம்.

படி 2: ஒரே வகை, ஒரே தொகுதி

கூடுதலாக எடுத்துப் போகும் தோட்டா, நீங்கள் ஸ்கோப்பைச் சரிசெய்த அதே தோட்டாவாக இருக்க வேண்டும். ஒரே .30-06 (பரவலாகப் பயன்படும் ஒரு தோட்டா அளவு) ரைபிளில் 150 கிரெயின் குண்டும் 180 கிரெயின் குண்டும் ஒரே இடத்தில் படாது. நிறுவனம் மாறினாலும் இடம் மாறும். ஆகவே பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணைப் பார்த்து, ஒரே எண்ணில் மூன்று பெட்டி வாங்குவதைப் பரிந்துரைப்பேன். ஒன்று ஸ்கோப் சரிசெய்ய, ஒன்று உட்கார்ந்தும் மண்டியிட்டும் படுத்தும் சுட்டுப் பழக, ஒன்று மலைக்கு. அக்டோபரில் வழியில் உள்ள சிற்றூர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எல்லோரும் தேடும் அளவுகள் பருவம் தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும். விலையைப் பார்த்து மனம் கசந்தால் ஓர் ஆறுதல்: 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி தோட்டா மீது விதிக்கப்படும் 11 சதவீத வரி, மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குத்தான் போகிறது.

மலைக்கு ஒதுக்கிய பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பித்தளைக் கூட்டில் நசுங்கல் இருக்கிறதா, அடியில் உள்ள பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மேடாகத் துருத்துகிறதா, குண்டு ஆடுகிறதா என்று கவனியுங்கள். பிறகு துப்பாக்கி சுடும் களத்தில், குழல் இலக்குப் பக்கம் நோக்கியிருக்க, விரல் விசையைவிட்டு விலகியிருக்க, ஒவ்வொன்றையும் ஒருமுறை சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏற்றி இறக்குங்கள். புதுப் பெட்டியில் சேராத தோட்டா அபூர்வம்தான். ஆனாலும் அந்த அபூர்வம் உங்கள் இரண்டாவது தோட்டாவாக அமைய வேண்டாம்.

படி 3: எத்தனை?

.30-06 போல்ட் ரைபிளின் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பகுதி) பொதுவாக நான்கு அல்லது ஐந்து, மேக்னம் (அதிக வெடிமருந்துள்ள பெரிய தோட்டா) வகைகளில் மூன்று கொள்ளும். எல்க் வேட்டை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று குண்டுக்குள் முடிந்துவிடும். அப்படியிருக்கக் கூடுதல் எதற்கு? முதல் காரணம், காயம்பட்ட விலங்கை உடனே முடிக்க வேண்டிய கடமை. இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை: பாறையில் சறுக்கி விழுந்து ஸ்கோப் அடி வாங்கினால், மீண்டும் குறி சரிபார்க்க மூன்று முதல் ஐந்து தோட்டா செலவாகும். அதைச் செய்யாமல் அடுத்த நாள் விலங்கை நோக்கிச் சுடுவது சூதாட்டம். மூன்றாவது, சேற்றிலோ பனியிலோ விழுந்து தொலைவது.

இருபது உள்ள ஒரு பெட்டியை நான் பிரிப்பது இப்படி: துப்பாக்கியில் நான்கு, உடம்பில் கை எட்டும் இடத்தில் ஐந்து, முதுகுப் பையில் ஐந்து, வண்டியில் அல்லது முகாமில் ஆறு. அந்த ஆறு குறி சரிபார்க்க மட்டும். முழுப் பெட்டியின் எடை அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு பெட்டிக்குப் பாரம் தெரியாது; இரண்டு பெட்டியைச் சுமந்துகொண்டு 3,000 மீட்டர் உயரத்தில் ஏறினால் மூச்சு கணக்குக் கேட்கும். நாற்பது தோட்டா தேவைப்படும் என்று நினைக்கிறவர் மலைக்குப் போவதைத் தள்ளிப்போட்டு, இன்னும் சில வாரம் பயிற்சிக் களத்துக்குப் போகலாம். அரைத் தானியங்கி (விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைபிள் என்றால் கொலராடோவில் மேகசினும் சேம்பரும் சேர்த்து ஆறுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: உடம்பில் எங்கே?

பலர் தடுக்கி விழும் இடம் இது. கடையில் நின்று பார்க்கும்போது எல்லா உறைகளும் நன்றாகத்தான் இருக்கும். முதுகில் பையும், கழுத்தில் பைனாகுலரும், அதன் மேல் ஆரஞ்சு மேலாடையும் ஏறிய பிறகுதான் எது கைக்கு எட்டும், எது எட்டாது என்பது தெரியும்.

கால்சட்டை பெல்ட்டில் கோக்கும் தோட்டா உறையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறை, நல்ல முறை. ஆனால் இன்றைய மலைப் பைகளுக்கு இடுப்பில் அகலமான பட்டை உண்டு. அது சரியாக அந்த உறையின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். சரி, பையின் இடுப்புப் பட்டையிலேயே உறையை மாட்டிவிடலாம் என்று தோன்றும். விலங்கைப் பார்த்ததும் பையைக் கழற்றி வைத்துவிட்டு நூறு அடி ஊர்ந்து போகிறீர்கள். கூடுதல் தோட்டா பையோடு பின்னால் இருக்கும். ஆகவே கைத்தோட்டா எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும், பையோடு இருக்கக் கூடாது. பைனாகுலர் மார்ப்பட்டையின் பக்கவாட்டில் மாட்டும் சிறு மூடிப்பை எனக்குப் பிடித்த இடம். பை ஏறினாலும் இறங்கினாலும் அது இடம் மாறாது. நேர் முன்பக்கம் வைத்தால் படுத்துச் சுடும்போது அடியில் அகப்பட்டுக்கொள்ளும், அதனால் பக்கவாட்டில். போல்டை இயக்குவதும் தோட்டா ஏற்றுவதும் வலது கை என்றால் வலது பக்கம். கொலராடோ விதிப்படி இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குல ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ வெளியே தெரிய வேண்டும். அந்த மேலாடை பையை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையை ஆடைக்கு மேல் மாட்டினால், அதே அளவு நிறம் குறையாமலும் பாருங்கள்.

துப்பாக்கியின் பின்கட்டையில் மாட்டும் எலாஸ்டிக் உறையும் பிரபலம். துப்பாக்கியைத் தூக்கினால் தோட்டாவும் கூடவே வரும் என்பது அதன் வசதி. வலது கைக்காரருக்குக் கன்னம் படுவது கட்டையின் இடது பக்கம் என்பதால் தோட்டா வரிசை வலது பக்கம் இருக்க வேண்டும். குறைகளும் உண்டு. எடை பின்னால் ஏறும், திறந்த பித்தளை வெயிலில் மின்னும், கிளைகளில் உரசினால் சத்தம் வரும். எலாஸ்டிக் ஆண்டுக்கு ஆண்டு தளரும். பருவத்துக்கு முன் உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பலமாக உதறுங்கள். ஒன்று விழுந்தாலும் உறையை மாற்றுங்கள். ஆடம்பரத் தோல் உறைகளில் தோட்டாவை மாதக்கணக்கில் விட்டு வைத்தால் பதனிட்ட தோலின் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். வேட்டை நாளில் மட்டும் அதில் வையுங்கள்.

மேகசினைக் கழற்றி மாட்டும் ரைபிள் என்றால் இன்னொரு மேகசின் வாங்கிக்கொள்வது நல்ல செலவு. நடையில் ஒன்று நழுவி விழுந்துவிட்டால் மிச்சமிருப்பது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. ஆனால் கூடுதல் மேகசினைச் சுட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஒரே நிறுவனத்தின் மேகசின்களிலும் ஒன்று ஒழுங்காகத் தோட்டா ஊட்டும், இன்னொன்று மக்கர் செய்யும்.

சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் தோட்டாவை உதிரியாகப் போடுவதை மட்டும் ஏற்கவே மாட்டேன். மெல்லிய ஈயமுனை நசுங்கும், பஞ்சும் மணலும் ஒட்டும். நடக்கும்போது கோயில் யானையின் மணி போல ஒலித்துக்கொண்டே போகும். எல்கின் காது அதற்காகக் காத்திருக்கும்.

எந்த உறையானாலும் குண்டு முனை கீழ் நோக்கி, எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணால் பார்க்காமல் அடிப்பாகத்தைப் பிடித்து உருவ முடியும். கையுறை போட்டுக்கொண்டு, வீட்டில் வெற்றுப் பயிற்சித் தோட்டாக்களை வைத்து இதைப் பழகுங்கள். பார்வை சுவரில் ஒரு புள்ளியில் நிற்க, கை மட்டும் வேலை செய்ய வேண்டும்.

படி 5: களத்தில்

வண்டிக்குள் சேம்பரில் தோட்டா இருக்கக் கூடாது என்பது கொலராடோ சட்டம். நான்கு சக்கர மலைவண்டியில் ஏறினால் மேகசினும் காலியாக இருக்க வேண்டும். ரைபிள் முழுவதும் மூடிய உறைக்குள் போக வேண்டும். வேலி தாண்டும்போதும் சரிவில் தவழ்ந்து ஏறும்போதும் சேம்பரைக் காலி செய்யுங்கள். எடுத்த தோட்டா திரும்ப மேகசினுக்கோ உறைக்கோ போக வேண்டும். "ஒரு நிமிடம்தானே" என்று கால்சட்டைப் பையில் போனால் அதன் முகவரி தொலைந்தது.

ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் குண்டு கூட்டுக்குள் மெல்ல அழுந்திவிடக் கூடும். அழுத்தம் அதனால் கூடும். காலை முதலில் ஏற்றும் தோட்டாவின் அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, தினமும் வேறொன்றை முதலில் ஏற்றுங்கள். புதிய தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்து நீளம் குறைந்திருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

சுட்டதும் துப்பாக்கி தோளிலிருந்து இறங்காமலே போல்டை இயக்குங்கள். விலங்கு விழுந்தது போலத் தெரிந்தாலும் இயக்குங்கள். தெறித்த கூட்டைப் பிறகு தேடலாம். விலங்கு கண்ணில் இருக்கும்வரை மேகசினை நிரப்ப முயலாதீர்கள். மறைந்ததும், அது நின்ற இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து அடையாளம் கொண்டு, பார்வையை அங்கேயே வைத்துக்கொண்டு உறையிலிருந்து இரண்டு ஏற்றுங்கள். படி 4-இல் சொன்ன பயிற்சி இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி பொறுங்கள். சில தோட்டா தாமதித்து வெடிக்கும். பிறகு வெளியே எடுத்து, தனியாக, நல்ல தோட்டாக்களோடு சேராத ஓர் இடத்தில் வையுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததை ஏற்றவே ஏற்றாதீர்கள்; முந்தைய குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, குழலில் தடை இல்லை என்று உறுதியான பிறகே மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

வழி தவறினால் மூன்று முறை சுடுவது பழைய அபாய அறிவிப்பு. முதுகுப் பையில் உள்ள ஐந்தில் மூன்றை இதற்கென்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பருவத்தின் முதல் நாள் பகலில் மலையெங்கும் வெடிச் சத்தம்தான். உங்கள் மூன்றை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தோடு சுடும் நேரம் முடிகிறது. அதற்குப் பிறகு கேட்கும் மூன்று வெடிக்குத்தான் காது கொடுப்பார்கள். செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று கையில் இருந்தால் இந்தக் கவலையே பாதி குறையும்.

படி 6: குளிரும் சூடும்

வெளியில் பூஜ்யத்துக்குக் கீழே, முகாமுக்குள் அடுப்பு. தோட்டாவை உள்ளே கொண்டுவந்தால் வியர்க்கும். மறுநாள் வெளியே போனதும் அந்த ஈரம் உறையும். துப்பாக்கியையும் தோட்டாவையும் குளிரிலேயே, ஆனால் பூட்டிய வண்டிக்குள் வைத்துவிடுவது மேல். வண்டியின் முன்கண்ணாடி அடியில் வெயிலில் வைக்காதீர்கள்; சூடேறிய வெடிமருந்து அழுத்தத்தைக் கூட்டும். துரு வரக் கூடாது என்று தோட்டாவுக்கு எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. எண்ணெய் பிரைமருக்குள் கசிந்தால் தோட்டா செத்துவிடும். வழுக்கும் கூடு போல்டின் மீது அளவு மீறி மோதும். உலர்ந்த துணியே போதும்.

படி 7: பறவை வேட்டைக்கும் அதே மேலாடையா?

எல்கிலிருந்து வாத்துக்கு மாறுகிறவர்கள் இரண்டை நினைவில் வையுங்கள். நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சிறுகுண்டுக்கு அமெரிக்கா முழுவதும் 1991 முதல் தடை. ஈயத் தோட்டாவைச் சுடாவிட்டாலும், வேட்டையின்போது அது உங்களிடம் இருப்பதே குற்றம். புறா வேட்டையில் மிஞ்சி மேலாடையின் மூலையில் தங்கிய ஒரே ஒரு ஈயத் தோட்டா அபராதம் கட்ட வைக்கும்.

இரண்டாவது இன்னும் கொடியது. கேஜ் என்பது சிறுகுண்டுத் துப்பாக்கிக் குழலின் அளவு; எண் பெரிதானால் குழல் சிறியது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் துப்பாக்கிக்குள் வழுக்கிப் போய்ச் சேம்பரைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளும். ஏற்றவே இல்லை என்று நினைத்துப் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இதனால்தான். இரண்டு அளவுகளுக்கு இரண்டு மேலாடை. ஒன்றைத் துவைத்து மற்றதற்குப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம்.

படி 8: திரும்பும்போது கணக்கு

கிளம்பும்போது இருபது என்று எழுதி வைத்தீர்கள் அல்லவா? முகாமைக் கலைக்கும் முன், சுட்டது, செயலிழந்தது, மிஞ்சியது எல்லாம் சேர்த்து இருபது வர வேண்டும். வரவில்லை என்றால் தேடுங்கள்: மேலாடைப் பை, வண்டி இருக்கை இடுக்கு, மழைக்கோட்டு, தூங்கும் பையின் அடி.

அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் தோட்டாவைக் கைப்பையில் கொண்டுபோகவே முடியாது. பதிவு செய்த (செக்-இன்) பெட்டியில், தோட்டாவுக்கென்றே செய்த அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டிக்குள், விமான நிறுவனத்திடம் அறிவித்து அனுப்பலாம். பல நிறுவனங்கள் 5 கிலோவோடு நிறுத்திக்கொள்கின்றன. வெளிநாட்டுப் பயணம்தான் உண்மையான பொறி. 2024-இல் கரீபியனை ஒட்டிய டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில், பையில் மறந்து கிடந்த தோட்டாக்களுக்காக அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் சிலர் கைதானார்கள். அங்கே அப்போது குறைந்தபட்சத் தண்டனை 12 ஆண்டு சிறை. இந்தியாவிலும் ஆயுதச் சட்டம், 1959, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதைக் குற்றமாகக் கருதுகிறது. தோட்டாவின் பாகங்களும் அதில் அடங்கும். நினைவுப் பொருளாக எடுத்து வந்த வெற்றுப் பித்தளைக் கூட்டுக்கும் சென்னை விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டி வரலாம். தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வழக்கிலிருந்து விடுபட்டவர்கள் உண்டு; அதற்குள் விடுமுறை முடிந்து, வேலைக்குத் திரும்ப வேண்டிய தேதியும் கடந்திருக்கும்.

ஆகவே வேட்டைக்குப் போன பை விமானம் ஏறக் கூடாது. வேட்டைக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லை என்றால் எல்லா ஜிப்பையும் திறந்து, உள்துணியை வெளியே இழுத்து, வெள்ளைத் துணி மீது கவிழ்த்து உதறுங்கள். விமான நிலையத்துக்குக் கிளம்பிய பிறகு ஒரு தோட்டா அகப்பட்டால் அங்குள்ள குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நிலையத்துக்குள் நுழையும் முன்பே, வழியனுப்ப வந்தவர்களில் சட்டப்படி அதை வைத்திருக்கக் கூடிய ஒருவரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். அப்படி யாரும் இல்லை என்றால் வண்டியைத் திருப்பி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.